ஊட்டுக்காட்டு ஓடையும் பாவாயி அக்காவும்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகைக் கடையில் சாமான் சீட்டைக் கொடுத்துவிட்டு நின்றிருந்தபோது போன் வந்தது. மூட்டை இறக்க வந்த லாரி தெருவை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் ஆட்டோக்கள் விடாமல் ஆரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கடையின் உள்மூலைக்குப் போனேன். பாவாயி அக்காவின் மகள் பேசினாள். "மாமா, அம்மா போயிட்டாங்க. காலைல காப்பி குடிச்சாங்க, சித்த உக்காரறேன்னாங்க, அப்பறம் எந்திரிக்கவே இல்லீங்க மாமா." கடைக்காரர் புளி எத்தனை கிலோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்ன பதில் சொன்னேனோ தெரியாது. சீட்டில் எழுதாத சாமானெல்லாம் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

பஸ்ஸில் வரும்போதே வாட்ஸ்அப்பில் இரங்கல்கள் கொட்டத் தொடங்கிவிட்டன. 'சட்டமன்றத்தில் முழங்கிய பெண் சிங்கம்' என்று ஒருவர் போட்டிருந்தார். இதே மனிதர் பத்துப் பேர் முன்னால் அக்காவை 'ஓடைக்காரி' என்று சொல்லிச் சிரித்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். சிங்கமாம். இருந்தபோது கட்சி ஆபீசில் அவருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட ஆளில்லை. ஆனால் 'ஓடைக்காரி' என்ற பட்டப்பெயர் அக்காவுக்கு வரக் காரணம் இவர்களில் யாருமில்லை, நான்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அக்காவை அறிந்தவர்கள் நீங்கள், நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். அதுவும் வரும்.

பாவாயி அக்கா முதலில் ஊராட்சித் தலைவராக இருந்தார். பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்பதால் பேருக்கு நிறுத்தப்பட்டவர். பதவியேற்ற மறுநாள் அவர் வீட்டுக்காரர் போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா வாசலில் நின்று, "ஏனுங்க, உங்க பேரு பாவாயிங்களா?" என்று கேட்டார். மனிதர் எழுந்து போனவர்தான், பிறகு அந்த ஆபீஸ் பக்கம் வரவே இல்லை. அக்காவுக்கு அதற்குப் பின் சட்டமன்ற சீட்டு கிடைத்தது, ஒரே ஒரு முறை. கோர்ட்டு வாசலில் டைப் மிஷின் வைத்து மனு அடித்துக்கொண்டிருந்த என்னை உதவியாளராகக் கூட்டிக்கொண்டார். ஐந்து வருடமும் என்னை 'ரைட்டரே' என்றுதான் கூப்பிட்டார். கோபம் வந்தாலும் வராவிட்டாலும் 'சாமி' என்பார். எதற்கு எந்தச் 'சாமி' என்பது குரலை வைத்துத்தான் தெரியும்.

சட்டமன்றத்தில் அமைச்சரிடம் கேள்வி கேட்பதற்கு ஒரு முறை உண்டு. வாய்க்கு வந்தபடி கேட்க முடியாது. எழுதி முன்கூட்டியே கொடுக்க வேண்டும், அதுவும் துண்டு துண்டாக. (அ) இப்படி ஒன்று இருக்கிறதா? (ஆ) இருந்தால் அதற்கு அரசு என்ன செய்யும்? (இ) எப்போது செய்யும்? அமைச்சர் பதில் படித்து முடித்ததும் உறுப்பினர் எழுந்து, அந்தப் பதிலின் மேல் ஒரு கேள்வி கேட்கலாம். அதற்குத் துணைவினா என்று பெயர். அக்கா உயிரை வைத்திருந்ததெல்லாம் அந்தத் துணைவினாவில்தான்.

ஒருமுறை எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை என்று கேட்டோம். அமைச்சர் தாளைப் பார்த்து, "மருத்துவர் பணியிடம் நிரப்பப்பட்டுள்ளது" என்று படித்துவிட்டு உட்கார்ந்தார். அக்கா எழுந்தார். "நிரப்புனது சரிங்க. அவரு வாராருங்களா?" சபை முழுக்கச் சிரித்தது. அமைச்சரும் சிரித்தார், விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த வாரம் அந்த டாக்டர் வந்து உட்கார்ந்துவிட்டார். ஊருக்குத் திரும்பும் ரயிலில் அக்கா சொன்னார்: "மொதத் தடவை கேக்கறப்ப தாள்ல இருக்கறதைத்தான் சொல்லுவாங்க ரைட்டரே. ரெண்டாந்தடவை கேட்டாத்தான் மனசுல இருக்கறது வரும். எவங்கிட்டயும் ரெண்டு தடவை கேக்கோணும்." அந்த வார்த்தையை அன்றைக்கு நான் ரசித்தேன்.

இனி ஓடைக்கு வருகிறேன். புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளிப் போனால் தார்ச்சாலையை ஓர் ஓடை குறுக்கே வெட்டும். அப்போது அதன் மேல் இருந்தது வெறும் தரைப்பாலம். வெயில் காலத்தில் ஆடு மேயும். மேற்கே மலைப்பக்கம் ஒரு மழை பெய்துவிட்டால் இடுப்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும். அக்கரையில் இருந்த பெண்கள் இக்கரைக் கோழிப்பண்ணைகளுக்கு வேலைக்கு வர அதைத்தான் தாண்டியாக வேண்டும். ஒரு நாள் வராவிட்டால் அடுத்த நாள் வேலைக்கு வேறு ஆள் நிற்பாள், அதனால் தண்ணீரில் இறங்கினார்கள். உயரமாக ஒரு பாலம் வேண்டும் என்பதுதான் அந்தச் சனம் அக்காவிடம் கேட்ட ஒரே வரம்.

கேள்வி கொடுக்கக் கடைசி நாளில் உட்கார்ந்து அடித்தோம். அக்கா சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: "ஊட்டுக்காட்டு ஓடையின் குறுக்கே உயர்மட்டப் பாலம் அமைக்க…" பாதியில் நிறுத்தி, "ஓடை பேரு கணக்குல எப்படி இருக்குதுன்னு வி.ஏ.ஓ. ஆபீஸ்ல பாத்துட்டீங்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. அன்று காலையில் போயிருக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கு உட்கார்ந்துவிட்டேன். அதோடு ஒரு திமிர். நான் அந்த மண்ணில் பிறந்தவன், எனக்குத் தெரியாத ஓடையா? "பாத்துட்டேங்கக்கா" என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரியைச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் வீட்டை வீடு என்று யார் சொல்கிறார்கள்? ஊடுதான். வீட்டை ஒட்டிய விவசாயக் காடு ஊட்டுக்காடு. அதன் வழியாக வரும் ஓடை ஊட்டுக்காட்டு ஓடை. பேசிப் பேசி நாக்கில் ஏறியது, எழுதும்போதும் இறங்க மாட்டேன் என்கிறது. அரசாங்கப் பதிவேட்டில் அது வீட்டுக்காட்டு ஓடை.

பதில் வந்த நாள் நான் பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். அமைச்சர் எழுந்து படித்தார். "(அ) ஊட்டுக்காட்டு ஓடை என்ற பெயரில் ஓடை ஏதும் அரசுப் பதிவேடுகளில் இல்லை. (ஆ) வினா எழவில்லை. (இ) வினா எழவில்லை." அவ்வளவுதான். இல்லாத ஓடைக்குப் பாலம் எதற்கு, எப்போது என்ற கேள்வியே எழாது அல்லவா? அக்கா எழுந்து நின்றார். "ஓடை இருக்குதுங்க. மழை பேஞ்சாத் தண்ணி போகுதுங்க. நான் அதைத் தாண்டித்தான் ஓட்டுக் கேக்கப் போனனுங்க." அமைச்சர் உட்கார்ந்தபடியே, "உறுப்பினர் எந்த ஓடையைத் தாண்டினார் என்று முதலில் விசாரித்துச் சொல்லட்டும்" என்றார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நம் கட்சிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். பேரவைத் தலைவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அக்கா உட்காரும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது மேலிருந்து எனக்குத் தெரிந்தது.

மறுநாளே ஊருக்கு வந்து வி.ஏ.ஓ. ஆபீசில் பதிவேட்டைப் பார்த்தேன். வி.ஏ.ஓ. வெளியூர்க்காரர், ஒரு தாளைத் திருப்பிக் காட்ட அரை நிமிடம்கூட ஆகவில்லை அவருக்கு. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். தாளை வாங்கிப் படித்தார். "ஊடுன்னா வீடுன்னு அந்த ஆபீசருங்களுக்குத் தெரியாதுங்களா? சாயங்காலம் ஆனா அவிங்க எங்க போறாங்க, ஊட்டுக்குத்தானே?" என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இப்போது கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு நெசமாகவே பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கேட்கவில்லை. "டீ குடிச்சீங்களா சாமி?" என்றார்.

திருத்திய பெயரோடு மறுபடி கேட்க அடுத்த கூட்டத்தொடர் வர வேண்டும். அதற்குள் மழை வந்துவிட்டது. சரசு என்று ஒரு பெண், முட்டை பொறுக்கும் வேலைக்கு வந்துகொண்டிருந்தவள், காலை ஏழு மணிக்கு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கத் தரைப்பாலத்தில் கால் வழுக்கி வெள்ளத்தோடு போனாள். இரண்டாம் நாள் கீழ்க்காட்டில் முள்ளில் மாட்டிக் கிடந்தாள். அக்காவும் நானும் போனோம். சரசுவின் கணவன் பெரியசாமி அக்காவைப் பார்த்துக் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஓடையே இல்லைன்னாங்களாமே அக்கா, அப்ப எம் பொண்டாட்டி எதுல போனா?" என்று மெதுவாகக் கேட்டான். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "எந் தப்புதான் சாமி. பேரைத் தப்பா எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கூட்டத்தொடரில் அதே அமைச்சர் அதே கேள்விக்கு எழுந்து, "(அ) ஆம். (ஆ) பாலம் கட்ட ஒப்புதல் அளிக்கப்பட்டுள்ளது" என்று படித்தார். சரியான பெயரை முதலிலேயே கொடுத்திருந்தாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்றுதான் சொல்லியிருப்பார்கள், ஒரு சாவு விழாமல் ஒப்புதல் வந்திருக்காது என்று எனக்கு நானே பல வருடம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய்தவன் நான்.

அடுத்த தேர்தலில் கட்சி அக்காவுக்கு சீட்டுக் கொடுக்கவில்லை. எதிர்க்கட்சி மேடையில் 'இல்லாத ஓடைக்குப் பாலம் கேட்டவர்' என்று பேசினார்கள், அதைச் சொந்தக் கட்சிக்காரர்கள் சுருக்கி 'ஓடைக்காரி' ஆக்கினார்கள். ஒரு டீக்கடையில் ஒருவன் நேருக்கு நேராக, "ஏனுங்கக்கா, ஓடை கிடைச்சுதுங்களா?" என்றான். அக்கா டீயைக் குடித்து முடித்து கிளாசை வைத்துவிட்டு, "கிடைச்சுது. ஒரு உசுரையும் வாங்கிக்கிச்சு" என்று சொல்லி வெளியே வந்தார். இத்தனைக்கும் டைப் அடித்தவன் தப்பு என்று அக்கா ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பழி அவர் தலையிலிருந்து இறங்கியிருக்கும். கடைசிவரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கு அடுத்த எம்.எல்.ஏ.விடமும் வேலை வேண்டியிருந்தது.

பாலத்தை அடுத்து வந்தவர்கள் ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். அக்காவுக்கு அழைப்பிதழ்கூட வரவில்லை. பிற்பாடு ஒருநாள் நானும் அக்காவும் அந்த வழியாகப் போனோம். பாலத்து முகப்பில் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் அரசாங்கமே எழுதி வைத்திருந்தது: 'ஊட்டுக்காட்டு ஓடைப் பாலம்'. எழுதிய பெயின்டர் உள்ளூர்க்காரனாம். அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்தப் பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். "வினா எழுந்திருச்சுருச்சுங்க ரைட்டரே" என்றார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

அவரை எடுத்துக்கொண்டு போனதும் அந்தப் பாலத்தின் மேல்தான், சுடுகாடு அக்கரையில் இருக்கிறது. முன்னால் கொடி போட்ட கார்கள், 'ஓடைக்காரி' என்று சிரித்தவர்கள் கையில் ஆளுயர மாலை. பெரியசாமி வந்திருந்தான், மாலை எதுவும் கொண்டுவரவில்லை, பாடையின் ஒரு முனையைத் தோளில் வாங்கிக்கொண்டான். பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். கீழே ஓடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

சட்டமன்றத்தில் முன்னாள் உறுப்பினர் மறைவுக்கு இரங்கல் குறிப்பு வாசித்தார்கள். டி.வி.யில் பார்த்தேன். எல்லா உறுப்பினர்களும், அமைச்சர்களும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அவருடைய கேள்வி எழவில்லை என்று சொன்ன அதே சபை. நின்றார்கள், உட்கார்ந்தார்கள், அடுத்த அலுவலுக்குப் போனார்கள். எழுந்து துணைவினா கேட்க அங்கே ஆளில்லை.

பெரியசாமி இதைப் படிப்பானா என்று தெரியாது. அதனால் இந்த வாரம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அது அவனுடைய பதில். அந்த ஜெராக்ஸ் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அக்காவுடையது என்று நான் வைத்திருப்பது அதுவல்ல. அமைச்சர், கலெக்டர், கட்டின புருஷன் என்று எல்லோரிடமும் இரண்டு தடவை கேட்டவர் அவர். என்னிடம் மட்டும் ஒரு தடவை கேட்டு, நான் சொன்னதை நம்பினார். பொய் என்று தெரிந்த பிறகும் இரண்டாவது தடவை கேட்காமல் விட்டுவிட்டார். அந்தக் கேள்விதான் என்னிடம் இருக்கிறது. பாத்துட்டீங்களா ரைட்டரே? இல்லீங்கக்கா, பாக்கலை.