மல்லாந்து கிடந்த படிகம்

குடிக்கக் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல், கண்ணாடித் தம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கி அரைச் சுற்று திருப்பிப் பார்க்கிறாள் படிகக்காரி. தண்ணீர் கொண்டுவந்த நாத்தனாருக்கு முகம் சுண்டிப்போகிறது.

“நல்லாக் கழுவித்தான் குடுத்தேன் அண்ணி!”

“ஐயோ, தம்ளரப் பாக்கலம்மா. அதுக்குள்ள வெளிச்சம் எப்படிப் போகுதுன்னு பாத்தேன்.”

அவள் தாய்வழியில் இது புதிதல்ல. அம்மாவின் சின்ன மாமா ஒருவர், துணிக்கடைக்குப் போனால் துணியை நாலு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமலே திரும்புவாராம். கடைக்காரர் கும்பிடு போட்டு அனுப்புவாராம். அந்த ரத்தம் எங்கே போகும்?

கதவு இன்னொரு கதை. அவள் வளர்க்கும் படிகங்கள் ஏழு நாள் ஆய்வுக்கூடத்துச் சூட்டுப் பெட்டிக்குள் தவம் இருக்கும். நடுவில் ஒரு தட்டுத் தட்டினால் போச்சு, படிகம் வராது, மாவுதான் வரும். அதனால் போகிற இடமெல்லாம், “கதவ அடிக்காதீங்க” என்பதுதான் அவள் மந்திரம். புருஷன் லாரி ஓட்டுகிறவர். “லாரிக் கதவு அறைஞ்சாத்தான் மூடும். வீட்டுக்கு வந்தா நான் பூனையாகணுமா?” என்று சண்டை பிடித்த மனுஷன், இப்போது லாரிக் கதவையே இரண்டு கையால் சாத்துகிறார். கூட ஓட்டுகிறவர்கள் சிரிக்கிறார்கள்.

அவள் தொழில், கண்ணுக்குத் தெரியாத சாரம் கட்டுவது. உலோக அணுதான் முடிச்சு, கரிமத் துண்டுதான் கழி. கொத்தனார் கட்டுகிற சாரம் மாதிரிதான், ஆனால் இது தன்னைத் தானே கட்டிக்கொண்டு படிகமாக வளரும். அந்தப் படிகத்தில் வெளிச்சம் ஒரு வாட்டத்தில் ஒரு வேகமாகவும் இன்னொரு வாட்டத்தில் வேறு வேகமாகவும் போகவேண்டும். விறகை நரம்போடு பிளந்தால் ஒரே போடு, குறுக்கே வெட்டினால் கோடாலிக்குத்தான் நோவு. அந்த வித்தியாசத்தை வெளிச்சத்துக்கு உண்டாக்க வேண்டும்.

அதற்குத் தட்டையான அந்தக் கரிமத் துண்டுகள் எல்லாம் ஒரே வாட்டமாகப் படுக்க வேண்டும். மூன்று வருஷம் அவை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒன்று வடக்கே பார்த்தால் அடுத்தது கிழக்கே பார்க்கும். ஒன்றின் பலத்தை இன்னொன்று தின்றுவிடும். கடைசியில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முட்டுக் கொடுத்து, திரும்ப முடியாமல் படுக்க வைத்தாள். மெல்லிய தகடு தகடாகப் படிகம் வந்தது.

சோதனை எளிது. வெளிச்சத்தை ஒரே வாட்டமாக வடித்து அனுப்பும் வடிதகடு இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்த நுண்ணோக்கியில் சும்மா பார்த்தால் இருட்டு. நல்ல படிகத்தை வைத்துச் சுற்றினால் பளிச்சிடும், அணையும், மறுபடி பளிச்சிடும். அவள் படிகத்தை மூன்று நாள் சுற்றியும் இருட்டுதான்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. இல்லேன்னா இத மூடிட்டு பெயின்ட் சோதனைக்கு வந்துடுங்க” என்று சொல்லியிருந்தார் ஆய்வுக்கூடத் தலைவர்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவுகிற அக்கா தட்டோடு வந்து நின்றாள்.

“இந்தப் பாட்டிலயும் கொட்டிடவா மேடம்?”

“கொட்டிடுங்கக்கா. மூணு நாள்ல பளிச்சுன்னு தெரிஞ்சது ஒரே ஒரு தூசிதான்.”

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டாள். “தூசியா? நான் தொடச்ச கண்ணாடியிலயா? மூணு தடவ தொடச்சேன். எங்க மாமியார்கிட்டகூட இந்தப் பேச்சு வாங்கினதில்ல!”

“கோச்சுக்காதீங்க. பஞ்சு இழை எதுல பட்டாலும் இப்படித்தான் மின்னும். இதோ, நீங்களே…”

நுண்ணோக்கியில் குனிந்தவள் பேச்சை நிறுத்தினாள். பஞ்சு இழை வளையும். இது அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக நின்றது. குமிழை மேலும் கீழும் திருகினாள். இழையில்லை. பக்கத்துத் தகட்டின் மேல் சாய்ந்து, விளிம்பில் நின்றுகொண்டிருந்த ஒரு படிகத் தகடு.

அடுக்கி வைத்த சாப்பாட்டுத் தட்டுகளை மேலிருந்து பார்த்தால் வட்டம். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வட்டம்தான். பக்கவாட்டில் பார்த்தால்தானே அடுக்கு தெரியும்? உலகத்தையெல்லாம் புரட்டிப் பார்த்தவள், மல்லாந்து கிடந்த இந்தத் தகடுகளை மூன்று நாளாகச் சுற்றினாளே தவிர, ஒரு தடவை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

ஊசி முனையில் இன்னொரு தகட்டை எடுத்து, கெட்டி எண்ணெய்ச் சொட்டில் நிறுத்தினாள். விழுந்தது. மறுபடி நிறுத்தினாள், விழுந்தது. மூன்றாவது தடவை நின்றது. சுற்றினாள். பார்த்தாள். பிறகு எழுந்து அக்காவைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, அவள் ஈரக் கையை எடுத்து நுண்ணோக்கியின் சுழல்தட்டின் மேல் வைத்தாள்.

“அட! தீக்குச்சி கிழிச்ச மாதிரி இருக்கே! சுத்துனா அணையுது… இதோ, திரும்பவும் எரியுது! மேடம், அப்ப இதக் கொட்ட வேணாமா?”

அதற்குள் தலைவர் அறையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள் படிகக்காரி. அவள் பின்னால் ஆய்வுக்கூடத்துக் கதவு படாரென்று அறைந்து சாத்திக்கொண்டது. அக்காதான் திடுக்கிட்டு, சூட்டுப் பெட்டியைப் பார்த்தாள்.