கீழே கிடந்த பட்டன்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு, விடுப்பு கேட்கும் இணையப் பக்கத்தை வடிவமைத்தவன் நான். என் பெரிய திரையில் பளிச்சென்று இருந்தது, அதோடு விட்டுவிட்டேன்.

பென்னலூரில் என் அறைத்தோழன் சுடலை, திருநெல்வேலிக்காரன், அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தான். அவன் அம்மா ஊரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, “பேஜ்லயே லீவு போடு, சூப்பர்வைசர்கிட்ட கெஞ்ச வேணாம்” என்று பெருமையாகச் சொன்னேன். போட்டுவிட்டு, அனுமதி வருமென்று நான்கு நாள் காத்திருந்தான். ஐந்தாம் நாள், அவன் போய்ப் பார்க்கும் முன்பே அம்மா இறந்துவிட்டார்.

பிறகுதான் தொழிற்சாலைக்குள் போய் தொழிலாளர்கள் விடுப்பு போடும் பழைய மானிட்டரைப் பார்த்தேன். அந்தச் சின்னத் திரையில் ‘அனுப்பு’ பட்டன் கண்ணுக்கே தெரியாமல் கீழே கிடந்தது. அவன் விண்ணப்பம் போகவே இல்லை.

அழுதுகொண்டே அவனிடம் சொன்னேன்.

“ஒன் மேல தப்பில்லலே. எனக்குத்தான் பாக்கத் தெரியல” என்றான்.

இப்போது எந்தப் பக்கத்தையும் அது ஓடப்போகும் இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். அன்று அவன் ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.