அறுபதில் மாலை சூடிய அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அக்காவைச் சத்துணவு அமைப்பாளராகத்தான் தெரியும். எனக்கும் தங்கைக்கும் அவர் அதற்கு வெகுகாலம் முன்பே தாயாகியிருந்தார்.

தீர்த்தமலை அடிவாரத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர் அக்கா. அவருடைய பத்தொன்பதாம் வயதில் அப்பாவும், அடுத்த ஆண்டே அம்மாவும் காலமானார்கள். ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தோடு நாங்கள் இருவரும் அவர் பொறுப்புக்கு வந்தோம். பெண் கேட்டு வந்தவர்களிடம், "இதுங்க ரெண்டும் படிச்சு முடிக்கட்டுங்க" என்று சொல்லி அனுப்பினார். நாங்கள் படித்து முடித்தபோது கேட்டு வர யாரும் இல்லை. அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் பல்லாண்டு பணியாற்றி, எங்கள் திருமணங்களையும் அவரே முன்னின்று நடத்தினார்.

ஓய்வுபெற்ற பின் பௌர்ணமிதோறும் தீர்த்தமலை ஏறினார். அங்கேதான் மாமாவைச் சந்தித்தார். வீட்டில் கன்னடம் பேசும் குடும்பத்தவர் மாமா; பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர்; மனைவியை இழந்தவர். சில மாதப் பழக்கத்துக்குப் பின், அவரைத் திருமணம் செய்துகொள்ளப் போவதாக அக்கா என்னிடம் சொன்னார்.

"இந்த வயசுலயா? ஊரு சிரிக்கும்க்கா," என்றேன்.

"சிரிக்கட்டும்டா. முடிதான் நரைச்சிருக்குது. எனக்கும் ஒரு வூடு, ஒரு தொணன்னு ஆச இருக்காதா?"

 ஆனாலும் என் கோபம் குறையவில்லை. மலைக்கோயிலில் நடந்த திருமணத்துக்குத் தங்கை போனாள். நான் போகவில்லை. என்னை வளர்த்தவரின் கழுத்தில் மாலை விழுந்த நேரத்தில், கைப்பேசியை அணைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த பொங்கலன்று எங்கள் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அக்கா! பின்னால் மாமா, கரும்பைப் பிடித்தபடி. எதுவுமே நடக்காததுபோல், "ஹெல்மெட்ட வாங்கி வைடா," என்றார் அக்கா. வாங்கி வைத்தேன். சாப்பிடும்போது மாமாவிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார், மாமா சிரித்துவிட்டார். மாமாவின் மகள் சௌமியாவிடம் அக்கா அந்த வயதில் கன்னடம் படித்துக்கொண்டிருந்தார். தப்பும் தவறுமாகத்தான் பேசினார், கூச்சமே இல்லை. முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது, முழங்கால் நனைய நின்ற படத்தை எல்லோருக்கும் அனுப்பினார். அந்த முகத்தை நான் என் சிறுவயதில்கூடப் பார்த்ததில்லை.

அப்படி ஏழு ஆண்டுகள். பிறகு வயிற்றில் புற்றுநோய் வந்தது. மருத்துவமனையில் கடைசி வாரம், "கல்யாணத்துக்கு வராம போயிட்டேன்க்கா, மன்னிச்சிடு," என்று அழுதேன்.

"அன்னைக்கு வடை நல்லா இருந்துச்சுடா. உனக்குத்தான் குடுத்து வெக்கல," என்றார்.

இரண்டு நாள் கழித்து, காலையில், மாமாவின் கையைப் பிடித்தபடியே அடங்கினார்.

நோயில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த ஊராருக்கும், அக்காவைக் கண்ணாகப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும் எங்கள் நன்றி. வேலைக்கு விடுப்பு எடுத்து, "அம்மா" என்றழைத்து ஊட்டிவிட்ட சௌமியாவுக்கு நன்றி சொல்லிக் கடமையை முடித்துவிட முடியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவளே என்னிடம் வந்தாள்.

"மாமா, தை மாசம் என் கல்யாணம். தாய்மாமன் சீரு நீங்கதான் செய்யணும்."

உறவினர் அனைவரும் வந்து மணமக்களை வாழ்த்த வேண்டும். முதல் ஆளாக நான் அங்கே நிற்பேன்.