சரீபாவின் வீடும் றுஸ்தாவின் பகல் கனவும்

றுஸ்தா கனவு காண்கிறவள். அவளைத் தெரிந்த எல்லாரும் இதைச் சொல்வார்கள், குறையாகச் சொல்கிறவர்களும் உண்டு. சட்டக் கல்லூரியில் விரிவுரை நடக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே போய்விடுவாள். கலியாணத்தன்று றிம்சான் தாலி கட்டி முடித்த பிறகுதான், "முடிஞ்சிட்டா?" என்று கேட்டாளாம். றிம்சான் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

அப்படிப்பட்டவள் கல்முனையில் ஓர் அரச அலுவலகத்தில் சட்ட உத்தியோகத்தர். சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு யார் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதுவது என்று அபிப்பிராயம் சொல்வது அவள் வேலை. கட்டிய வீடுகளின் சுவரில் பாசி பிடித்துவிட்டது, உறுதி இன்னும் வந்தபாடில்லை. நமது அலுவலகங்களுக்கு எதையும் ஆற அமரச் செய்வதில் அப்படி ஒரு பிரியம். றுஸ்தாவின் உம்மாவையும் சாய்ந்தமருதில் அவர்களது வீட்டையும் ஒரே காலையில்தான் கடல் கொண்டுபோனது. அவள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அதனால் இந்தக் கோவைகளைப் புரட்டும்போது மட்டும் அவள் கனவு காண்பதில்லை.

அந்த வருடம் கிழக்கிலுள்ள அரச சட்டத்தரணிகளுக்குச் செயற்கை நுண்ணறிவு, சட்டம், அறநெறி என்று ஒரு செயலமர்வு வைத்தார்கள். கடற்கரை வீதியில் ஒரு மண்டபம். நடத்த வந்தவன் நிதர்சன், மட்டக்களப்பான், கணினியும் சட்டமும் படித்தவன். வந்தவர்கள் எல்லாரும் முடிவு காத்திருக்கும் ஒரு கோவையைக் கொண்டுவர வேண்டும். பெயர்களை மறைத்து அதை இயந்திரத்திடம் கொடுத்து அபிப்பிராயம் வாங்க வேண்டும். கடைசி நாளில், அதன் கீழே தன் கையொப்பத்தை வைப்பாரா மாட்டாரா என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

றுஸ்தா கொண்டுபோனது சரீபாவின் கோவை. சரீபாவின் கணவர் கச்சிமுகம்மது மீன் வியாபாரி, போன நோன்புக்கு முன் மவுத்தாகிவிட்டார். இரண்டும் பெண் பிள்ளைகள், ஆண் வாரிசு இல்லை. இறந்தவருக்கு மகன் இல்லாவிட்டால் அவருடைய சகோதரனுக்கும் சொத்தில் ஒரு பங்கு உண்டு என்பது முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம். அந்தப் பங்கைக் கேட்டு அவருடைய அண்ணன், மூத்த காக்கா மீராமுகைதீன், அக்கரைப்பற்றிலிருந்து மனு அனுப்பியிருந்தார். வீடு கச்சிமுகம்மதுவுடையது என்றால் பங்கு கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்க சரீபாவிடம் வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. விற்றால் அவளும் கலியாணமாகாத சின்ன மகளும் எங்கே போவார்கள்?

இயந்திரம் கண் மூடித் திறப்பதற்குள் பதில் தந்தது. குடும்பத் தலைவர் கணவர், வீடு குடும்பத் தலைவருக்கு வழங்கப்பட்டது, ஆகவே உறுதி அவருடைய வாரிசுகள் பெயரில், சகோதரனுக்கும் பங்கு. பணிவான, வழவழப்பான நடை. றுஸ்தா திரும்பத் திரும்ப வாசித்தாள். சட்டம் சரி, கணக்கும் சரி. மனசுதான் ஒப்பவில்லை. மனசு ஒப்பவில்லை என்று ஓர் அபிப்பிராயத்தில் எழுத முடியுமா?

இரண்டாம் நாள் பகல் புரியாணி. அதன் பிறகு குளிரூட்டிய மண்டபத்தில் அறநெறி. இப்படி ஒரு நேரத்தை ஒதுக்கியவருக்கு அல்லாஹ்தான் நல்லறிவு கொடுக்க வேண்டும். "இயந்திரத்துக்கு உங்கட ஊரும் தெரியாது, வழமையும் தெரியாது. நீங்க எழுதிக் குடுத்ததைத்தான் அது உலகம் எண்டு நினைக்கும்" என்று நிதர்சன் சொல்லிக்கொண்டிருந்தான். குளிர்சாதனத்தின் இரைச்சல் மெல்ல மெல்லக் கடலின் இரைச்சலாக மாறியது. றுஸ்தா போய்விட்டாள்.

கடலுக்கு அடியில் அவளுடைய பழைய தெரு இருந்தது. ஒரு வீடும் உடையவில்லை. பச்சை வெளிச்சத்தில் வேலிகள் மெதுவாக அசைந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் நின்றாள். தெருவில் புது மாப்பிள்ளைகள் கையில் பெட்டியோடு வந்துகொண்டிருந்தார்கள். கல்முனைக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கனவிலும் அந்த வழமை மாறவில்லை. "வாங்க, உள்ளுக்கு வாங்க" என்று பெண்கள் அழைத்தார்கள். அப்போது முகமில்லாத ஒரு குரல், மிகவும் பணிவான குரல், வாசல் வாசலாக வந்து கேட்டது: "குடும்பத் தலைவர் யார்?"

பெண்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, இப்போதுதான் படியேறிய ஆளைக் கை காட்டினார்கள். காட்டக் காட்ட, வீடுகள் அத்திவாரத்தை விட்டுக் கழன்று அந்த ஆண்களின் பின்னால் மிதந்து போயின. பெண்கள் வெறும் மணலில் நின்றார்கள். அந்த வரிசையில் உம்மா நின்றார். கடைசியாகப் பார்த்த அதே நீலப் பூப் போட்ட சட்டை. உம்மாவிடமும் குரல் கேட்டது. உம்மா சிரித்துக்கொண்டே வாப்பாவை நோக்கிக் கையை உயர்த்தினார்.

"இல்ல உம்மா!"

றுஸ்தா கத்திக்கொண்டே எழுந்து நின்றுவிட்டாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பின் வரிசையில் ஒருவர் சத்தமாகவே சிரித்தார்.

"என்ன மிஸ் இல்லை?" என்றான் நிதர்சன்.

றுஸ்தாவுக்குக் காது மடல்வரை சுட்டது. ஆனால் இந்த முறை அவள் உட்காரவில்லை. "நான் பிழையாக் குடுத்திட்டன் சேர். புருசன்தான் தலைவர் எண்டு விண்ணப்பத்துல இருந்திச்சி, நானும் அப்பிடியே அடிச்சிட்டன். கடல் கொண்டு போன ஊட்டுக்குப் பதிலாத்தானே இந்த ஊடு, அந்த ஊடு ஆர்ர எண்டு நான் கேக்கவே இல்ல" என்றாள்.

பிறகு சிரித்தவரின் பக்கம் திரும்பினாள். "கோவிக்காதீங்க. இஞ்ச உள்ள ஆம்புளயள்ல பொண்டாட்டிர ஊட்டுல இரிக்கிற ஆக்கள் கைய உசத்துங்க பாப்பம்."

சிரிப்பும் கேலியுமாகக் கைகள் எழுந்தன. கிட்டத்தட்ட எல்லாக் கைகளும். மட்டக்களப்பிலும் அதே வழமைதானே, நிதர்சனும் கூச்சத்தோடு கையை உயர்த்தினான்.

"விண்ணப்பங்கள்ல தலைவர் எண்டு உங்கட பேரப் போடுற ஆக்கள் மட்டும் கைய இறக்காதீங்க."

ஒரு கையும் இறங்கவில்லை. சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லாரும் சட்டம் படித்தவர்கள். அன்று காலையும் மனைவியின் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு வந்தவர்கள். அலுவலகக் கதிரையில் உட்கார்ந்ததும் அது மறந்துபோகிறது.

கடைசி நாளில், இயந்திரத்தின் அபிப்பிராயத்தில் கையொப்பமிட மாட்டேன் என்றாள் றுஸ்தா. சொல்வது லேசு. பதிலுக்கு ஒன்று எழுத வேண்டுமே. அடுத்த கிழமை சரீபாவின் வீட்டுக்குப் போனாள்.

"கடல் கொண்டு போன ஊடு உம்மா எனக்குத் தந்த" என்றாள் சரீபா. "உறுதியெல்லாம் எழுதல்ல, வாயால தந்ததுதான்."

"அப்ப ஏன் ராத்தா விண்ணப்பத்துல அவர்ர பேரப் போட்ட?"

சரீபா அவளை விநோதமாகப் பார்த்தாள். "மனிசன் உசிரோட இரிக்கக்குள்ள நான் எப்பிடி என்ட பேரப் போடுற? மரியாத இல்லியே மகள்."

றுஸ்தாவுக்கு அழுகை வந்தது. கணவனுக்குக் கொடுத்த மரியாதை வீட்டைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறதே! கலியாணத்துக்கு வந்த பெரியவர்களில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். சரீபாவின் பக்கத்து ஆட்கள் சுனாமியோடு போய்விட்டார்கள். மாப்பிள்ளையைக் கூட்டி வந்து வாசலில் விட்டவர் மட்டும்தான் மிச்சம்.

"ஆரு அவர்?"

"மீராமுகைதீன் காக்கா" என்றாள் சரீபா.

பங்கு கேட்கிறவரே சாட்சி. அவர் ஞாபகமில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. அவரை அலுவலகத்துக்கு அழைத்த அன்று காலை முழுவதும் றுஸ்தா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மீராமுகைதீன் நெல் வியாபாரி, வெள்ளைத் தொப்பி, கனத்த ஆள். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். சுவரோரம் சரீபா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"காக்கா, உங்கட தம்பியக் கலியாணத்துக்குக் கூட்டிப் போன நீங்கதானே?"

"ஓம். வாப்பா அப்ப இல்ல. நான்தான்."

"கொண்டு விட்டது ஆர்ர ஊட்டுக்கு?"

கேள்வி எங்கே போகிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. வியாபாரியல்லவா? தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"நானும் பொண்டாட்டிர ஊட்டுலதான் இரிக்கன் மிஸ்" என்றார் கடைசியாக. "தலைவர் எண்டு என்ட பேர்தான் எல்லாத்துலயும் இரிக்கி. நான் மவுத்தானா என்ட தம்பிமாரும் இப்பிடி வந்து நிப்பானுகளா?"

"ஆம்புளப் புள்ள இல்லாட்டி சட்டப்படி வரலாம் காக்கா."

அவர் முதல்முறையாகத் தம்பி மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதுங்க மிஸ். நான் கொண்டு விட்டது சரீபாட ஊட்டுக்கு. அவட உம்மா குடுத்த ஊடு" என்றார். "எனக்கும் எல்லாம் பொம்புளப் புள்ளையள்தான்."