எஸ்தர் அக்கா அறுத்த வலை

பொன்னேரிச் சந்தையில் நின்றுகொண்டிருந்தபோது, போட் ஹவுஸில் என்னோடு வேலை பார்த்தவரிடமிருந்து போன் வந்தது. "டிக்கெட்டு எஸ்தர் பூட்ச்சுபா. காலைல நெஞ்சு வலின்னுச்சாம்." நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "அந்த மீன் மேட்டர் ஒண்ணத் தவுத்தா நல்ல அக்காபா." நான் "ஆமா" என்று சொல்லி போனை வைத்தேன். அந்த "ஆமா" என்னை உட்கார விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்தர் அக்காவைத் தெரிந்தவர்களுக்கு அந்த இடமும் தெரியும். திருப்பாலைவனம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தாங்கல் என்கிற பழைய சிறு ஏரி ஒன்றின் மண்கரையை உயர்த்தி, மிதிபடகு விட்டு, ஓரத்தில் பூங்கா போட்ட இடம். கரை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். அதை அணை என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் கரைக்கு மறுபுறம், தண்ணீரைவிடத் தாழ்வாக, கூலி வேலைக்குப் போகிறவர்களின் காலனி இருக்கிறது. அக்காவின் வீடு முதல் வரிசையில்.

தினமும் டிக்கெட் கவுண்டரைத் திறப்பதற்கு முன், அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையின் வெளிப்புற அடிவாரத்தில் ஒருமுறை நடப்பார். எங்களுக்கு அது வேடிக்கை. "இன்னாக்கா, எதனா தொலைச்சிட்டியா?" என்று ஒருநாள் கேட்டேன். "இன்னும் தொலைக்கலபா. அதுக்குத்தான் பாக்குறேன்" என்றார். கரையைப் பார்க்க வந்த ஓவர்சியர் ஒருவரைக் குடைந்து குடைந்து கேட்டு, அக்கா ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தார். "ஊறுற தண்ணி தெளிவா வந்தா பயம் இல்ல. கலங்கி வந்துச்சுன்னா உள்ள மண்ண இட்டுக்குனு வருதுன்னு அர்த்தம்." அந்த ஓவர்சியர் பிறகு வரவேயில்லை. அக்கா மட்டும் நடந்துகொண்டிருந்தார்.

குத்தகைக்காரர் தூண்டில் போட வருகிறவர்களுக்காகக் கெண்டைக் குஞ்சு விட்டிருந்தார். மழைக்காலத்தில் உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழியாக மீனும் போய்விடும் என்று அவர் கவலைப்பட்டபோது, நான்தான் அங்கே வலை கட்டினேன். நான் பழவேற்காட்டு ஏரியில் வலை போட்டு வளர்ந்தவன். எங்கள் ஏரியில் கடல் ஏறும், வற்றும். ஏறும்போது மாட்டிய செத்தையை வற்றும் தண்ணீர் தானே கழற்றிக்கொண்டு போகும். கலங்கலில் தண்ணீர் ஒரே பக்கம்தான் ஓடும் என்பது எனக்கு உறைக்கவில்லை. அக்காவுக்கு உறைத்தது. "செத்த அடைச்சிக்குமேபா?" என்றார். "தண்ணியப் பத்தி எனக்கே சொல்றியா?" என்று மடக்கினேன்.

மழை மூன்றாவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. படகுகளைக் கட்டிப்போட்டுவிட்டு, தகரக் கூரைக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பகல் பதினோரு மணி இருக்கும். அக்கா தலையோடு நனைந்து ஓடி வந்தார். "தண்ணி கரை உச்சியத் தொட்ற மாதிரி நிக்கிது. வலைய எடுபா." எனக்குக் கோபம்தான் வந்தது. குத்தகைக்காரரைக் கேட்காமல் எடுக்க முடியாது என்றேன். அக்கா டீக்கடையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு கலங்கலை நோக்கிப் போனார். பின்னால் போய்ப் பார்த்தேன். ஆகாயத்தாமரை வலையில் அடைந்து சுவராக நின்றது. ஜனங்கள் ஏறி இறங்கித் தேய்ந்த ஒரு தாழ்வான இடத்தில் தண்ணீர் ஏற்கெனவே கரையைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. அக்கா இடுப்பளவு தண்ணீரில், ஒரு கையால் கலங்கல் தூணைப் பிடித்துக்கொண்டு, என் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். அப்போது நான் என்ன கத்தினேன் தெரியுமா? "மீன் பூடும்க்கா!" அவர் திரும்பாமலேயே கத்தினார். "போவட்டும்! கீழ மனுசங்க கீறாங்க!"

தண்ணீர் இறங்கியது. கரை நின்றது. அன்று சாயங்காலம் காலனி வாய்க்காலில் கெண்டை துள்ளியது; வீட்டுக்கு வீடு மீன் வறுத்தார்கள். நான் குத்தகைக்காரரிடம் போய், "அந்தக்கா வலைய அறுத்துட்ச்சு" என்று சொன்னேன். அதை மட்டும்தான் சொன்னேன். அந்த வாரமே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மீனுக்காகத்தான் அறுத்தாள் என்ற பேச்சு, மீனைச் சாப்பிட்ட காலனியிலேயே கிளம்பியது. அக்கா நடந்ததைச் சொல்லிப் பார்த்தார். கரை உடையவில்லையே, யார் நம்புவார்கள்?

மழை விட்டதும் தண்ணீர் வழிந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். வெளிச்சரிவு முழங்கால் ஆழத்துக்கு அரிக்கப்பட்டு, பள்ளம் கரையின் பாதி அகலம் வரை போயிருந்தது. அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவன் தண்ணீரில் தப்புக் கணக்குப் போட்டான் என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. சில மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அத்த அப்புறம் கேளு. அந்தப் பள்ளத்துல மண்ணு போட்டு திமிசு இட்ச்சாங்களா?" என்றார். திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கவில்லை. பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மேலே குரோட்டன்ஸ் நட்டிருந்தார்கள். அதைக் கேட்டதும் அவர் எழுந்து கரையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். நான் வந்த விஷயத்தை இருவருமே மறந்தோம்.

எஸ்தர் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பயம்தான். வானம் கறுத்தால் சோறு இறங்குவதில்லை. கரையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் ஆகிறது. அதை நான் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. கரைக்குக் கீழே இருப்பவர்களே, வீட்டுக்கு ஒருவராக நீங்களும் வாருங்கள். அந்தப் பள்ளத்தில் மண் இன்னும் இறுகவில்லை.

அக்கா மீனுக்காக அறுக்கவில்லை. வலை கட்டியவன் நான், கோள் சொன்னவன் நான், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான். இதை அவர் உயிரோடு இருந்தபோது, அவர் தெருவில் நின்று, அவர் காதில் விழும்படி சொல்லியிருக்க வேண்டும்.