செப்புச் சன்னமும் தேவராசாவின் வீம்பும்

லண்டன் ரெய்னர்ஸ் லேன் தேவராசாவுக்கு மூக்கு நுனியில் கோபம். பஸ் கராஜில் மெக்கானிக்காக இருந்து அவர் ஓய்வு பெற்ற அன்று அவரோடு வேலை செய்தவர்கள் பெரிய கேக் ஒன்று வெட்டினார்கள். ஆள் போய்த் தொலைந்ததைக் கொண்டாடத்தான் வெட்டினோம் என்று கராஜில் இன்றைக்கும் சொல்கிறார்கள். மனிதரோடு ஒட்டாத அவருக்கு ஒட்டியது ஒரு பழைய துவக்கு, அந்த வேட்டைத் துப்பாக்கி மட்டும்தான்.

பெரிய துவக்கு இல்லை. டிரிபிள் டூ என்று வேட்டைக்காரர் சொல்லும் சிறு வாய்த் துவக்கு. ஹார்ட்போர்ட்ஷயர் பக்கம் ஒரு பண்ணைக்காரன், தன் இள மரக்கன்றுகளைக் கடித்து நாசமாக்கும் மன்ட்ஜாக் மான்களைச் சுட அவருக்கு அனுமதி கொடுத்திருந்தான். மன்ட்ஜாக் நாயளவு உயரம், குரைப்பதும் நாயைப் போலத்தான். அந்தச் சின்ன மானுக்கு இந்தச் சின்னத் துவக்கைச் சட்டம் ஒப்புக்கொள்ளும். ஆனால் சன்னம், அதாவது குண்டு, ஐம்பது கிரெய்ன் எடைக்குக் குறையக்கூடாது, பட்டதும் முனை விரிய வேண்டும். பொலிஸ்காரன் வந்து துவக்கு வைக்கும் இரும்பு அலுமாரியைப் பார்த்து ஒப்புதல் சொன்ன நாளிலிருந்து தேவராசாவுக்குத் தலைகால் தெரியவில்லை.

சுட்ட மானை அவர் பங்கு போடுவார். ஊரில் ஆடு அடித்துப் பங்கு போடுகிற அதே முறைதான். ஒவ்வொரு பங்கிலும் தொடையில் கொஞ்சம், விலாவில் கொஞ்சம், தோளில் கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு இருக்க வேண்டும். எல்லாம் எலும்போடு கொத்தியதாக இருக்க வேண்டும். வெள்ளைக்கார வேட்டைக்காரன் சன்னம் பட்டுச் சிதைந்த தோளை நாய்க்கு எறிந்துவிட்டு நல்ல இறைச்சியை மட்டும் எடுத்துப் போவான். நம்மவர்களுக்குத் தோள் எலும்பு இல்லாவிட்டால் அது கறியே இல்லை. அதனால் தேவராசா இரத்தக் கட்டியைக் கழுவிவிட்டுத் தோளையும் கொத்திச் சரிசமமாகப் போட்டுவிடுவார். சுற்றியிருந்த வீடுகள் பையோடு வந்து வாங்கிப் போகும்.

ஒக்டோபர் ஞாயிறு ஒன்றில் அப்படிக் கொத்திக்கொண்டிருந்தபோதுதான் மகள் ஹம்சினி மோர்டனிலிருந்து வந்தாள். பிள்ளைகள் மருத்துவமனை ஒன்றில் பார்மசிஸ்ட். நாலாம் மாதம், தலைப்பிள்ளை. வந்தவள் கறி வாங்க நின்ற சனத்தின் முன்னாலேயே தொடங்கிவிட்டாள்.

“அப்பா, இதை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. இந்த ஈயச் சன்னம் எலும்பில பட்டவுடன தூளாப் போகுது. கண்ணுக்கே தெரியாத தூள். நீங்கள் அந்தத் தோளையே கொத்தி எல்லாற்ர பங்கிலயும் கலக்கிறியள்.”

“ஆர் சொன்னது?”

“டொக்டர்மார் சொல்லுகினம். பிள்ளைத்தாச்சியள், சின்னப் பிள்ளையள் தொடவே கூடாது. ஈயம் பிள்ளையின்ர மூளையைப் பழுதாக்கும்.”

“வன்னியில மான் திண்டு வளந்த சனத்துக்கு மூளை இல்லையோ?” என்றார் தேவராசா. சனத்தைப் பார்த்துச் சிரித்தார். சனம் சிரிக்கவில்லை.

“செப்புச் சன்னம் இருக்குதப்பா. அது உடையாது, முனை மட்டும் விரியும். அதைப் பாவியுங்கோ.”

“கண்டறியாத செப்புச் சன்னம்! நீ எனக்குப் படிப்பிக்க வெளிக்கிட்டிட்டியோ?”

அன்றைக்குக் கொத்திய இறைச்சியில் பாதி அப்படியே கிடந்தது. ஒருத்திக்குத் திடீரென்று கொலஸ்ட்ரோல் நினைவுக்கு வந்தது. இன்னொருவர் காரில் எதையோ எடுக்கப் போனார், வரவேயில்லை. ஆண்டுக்கணக்காகக் கூடித் திரிந்த செபஸ்தியாம்பிள்ளைகூட, “தவக்காலம் அண்ணை, இறைச்சி தொடுறதில்லை,” என்றார். ஒக்டோபரில் என்ன தவக்காலம் என்று தேவராசா கேட்பதற்குள் ஆள் மாயம். தேவராசாவுக்கு உடம்பு கொதித்தது. தன் பிள்ளையே தன்னைச் சபையில் வைத்து அவமானப்படுத்திவிட்டாள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. அவள் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு பேசியது அவர் கண்ணில் படவில்லை.

அடுத்த நாளே துவக்குக் கடைக்குப் போனார், மகள் சொன்னது பிழை என்று நிறுவுவதற்காக. கடைக்காரன் பொறுமையாக விளக்கினான். செப்பு ஈயத்தைவிட இலேசு. ஆகவே அதே எடைக்குச் செப்புச் சன்னம் நீளமாக இருக்கும். நீளமான சன்னத்தை வேகமாகச் சுழற்றி விட்டால்தான் நேரே போகும். உங்கள் பழைய குழலின் உள்ளே வெட்டியிருக்கும் புரி மெதுவாகத்தான் சுழற்றும். இதைவிட இலேசான செப்புச் சன்னம் இந்தக் குழலில் நேரே போகும், ஆனால் ஐம்பது கிரெய்னுக்குக் குறைந்ததைச் சட்டம் விடாது. குழலை மாற்றுங்கள், இல்லையென்றால் இதோ, புரி இறுக்கமான துவக்கு ஒன்று கைமாறி வந்திருக்கிறது.

“எனக்குச் சன்னம் மட்டும் போதும்,” என்று ஒரு பெட்டி வாங்கினார்.

சுடும் திடலில் கடதாசி இலக்கைக் கட்டிச் சுட்டுப் பார்த்தார். கடைக்காரன் சொன்னது அச்சொட்டாக நடந்தது. சன்னங்கள் பல்டியடித்துப் போய் மூலைக்கொன்றாகப் பட்டன. சில குறுக்காகப் பட்டுக் கடதாசியை நீளமாகக் கிழித்திருந்தன. வேறு யாருமென்றால் நொந்துபோவார்கள். தேவராசா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மகளுக்குக் காட்டவென்று கடதாசியைக் கவனமாகச் சுருட்டிக் காரில் வைத்தார். மகளுக்காகத் துவக்கு மாற்றுகிற அளவுக்கு அவர் தாழ்ந்துபோகவில்லை. பழையபடி ஈயத்தையே போட்டுச் சுட்டார்.

அத்தோடு விட்டிருந்தால் அது வெறும் வீம்பு. வீட்டுப் பிரீசர் யாரும் வாங்காத பங்குகளால் நிரம்பி வழிந்தது. மகளோ அம்மாவின் கையால் எலும்புக் கறி வேண்டும் என்று மசக்கையில் கேட்டுக்கொண்டிருந்தாள். தேவராசா மனைவி கமலாம்பிகையைக் கூப்பிட்டார்.

“இதைப் பிரட்டிக் கொண்டுபோய்க் குடும். ஆட்டிறைச்சி எண்டு சொல்லும்.”

“இஞ்சேருங்கோ, பாவமப்பா. வயித்துப்பிள்ளைக்காரி.”

“பிள்ளை சுகமாப் பிறக்கட்டும். பிறகு சொல்லுவம், நீ திண்டது முழுக்க அப்பாவின்ர மான் எண்டு. அப்ப விளங்கும் ஆற்ர கதை சரியெண்டு.”

கமலாம்பிகை அழுதாள். அழுதுகொண்டே கறியும் வைத்தாள். வறுத்த தூளைத் தூக்கலாகப் போட்டால் மானும் ஆடும் ஒன்றுதான். ட்யூப் ரயிலில் மாறி மாறி மோர்டனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஹம்சினி விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டாள். இதைச் செய்யச் சொன்ன மனிதனை என்னவென்று சொல்வது? வீட்டில் அவருக்கு எதிர்த்துப் பேசிப் பழகாத கமலாம்பிகையை மன்னிக்கவும் மனம் வரவில்லை.

பிள்ளை பிறக்கும்வரை பொறுத்திருக்கத் தேவராசாவால் முடியவில்லை. ஏழாம் மாதம், தை பிறந்து முதல் ஞாயிறு, மோர்டனுக்குப் போனார். கமலாம்பிகை கறிப்பெட்டியோடு பின்னால் வந்தாள். மருமகன் பிரவீணன் சோறு போட்டான். ஹம்சினி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தேவராசா சன்னம் கிழித்த அந்தக் கடதாசியை மேசையில் விரித்தார்.

“பார், உன்ர செப்பின்ர லட்சணத்தை.”

“உங்கட துவக்குக்கு ஒத்துவரேல்லையெண்டால் துவக்கை மாத்துங்கோ அப்பா. இல்லாட்டி சுடுறதை விடுங்கோ. எனக்கு அந்த மான் வேண்டாம், அவ்வளவுதான்.”

“வேண்டாமோ?” தேவராசா கதிரையில் சாய்ந்தார். அவருக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்திருந்தது. “நீ இப்ப திங்கிறது என்ன?”

ஹம்சினி தட்டைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். கமலாம்பிகை தலையைக் குனிந்துகொண்டாள்.

“அம்மா, எப்ப இருந்து?”

“நாலாம் மாசத்தில இருந்து,” என்று தேவராசாதான் பதில் சொன்னார். “என்ன நடந்தது உனக்கு? குத்துக்கல்லு மாதிரி இருக்கிறாய். ஈயமாம், மூளையாம், விசர்க் கதை!”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் அவருக்குத் திருப்பிக் கத்தத் தெரியும். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள், கையைக் கழுவினாள், போனை எடுத்துப் பிரசவப் பிரிவுக்கு அடித்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில், அந்தக் கடதாசியின்மேலேயே வைத்தாள். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது, தேவராசாவுக்கு எல்லாம் விளங்கியது.

எவ்வளவு காலமாகச் சாப்பிட்டீர்கள் என்று மறுமுனைப் பெண் கேட்டாள். நாளைக்கே இரத்தம் எடுத்துப் பார்ப்போம், இப்போதே எதையும் நினைத்துப் பயப்பட வேண்டாம் என்றாள். பிறகு, ஈயம் இருக்கக்கூடும் என்று தெரிந்தும் ஏன் சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள்.

“எனக்குத் தெரியாமல் தந்தார்கள்.”

“யார்?”

“என் அப்பா. தெரிந்துதான் தந்தார்.”

அந்தப் பெண்ணின் குரல் மாறியது. அடுத்து அவள் கேட்டது எல்லாக் கர்ப்பிணிகளிடமும் கேட்கிற கேள்விதான் என்பது தேவராசாவுக்குத் தெரியாது.

“ஹம்சினி, இப்போது வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா? அவர் அங்கே இருக்கிறாரா?”

தேவராசா வாயைத் திறந்தார். நான் அவளைப் பெத்த தகப்பன், என்ன கேள்வி கேட்கிறாய் என்று சொல்லத்தான் திறந்தார். மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பதில் சொல்லுமுன் அவள் யோசித்தாள். அவள் யோசித்ததைக் கண்டதும் அவருக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

“இருக்கிறார்,” என்றாள் ஹம்சினி போனில். “இப்போது போய்விடுவார்.”

பிரவீணன் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.