வெள்ளிக்கிழமை ரெடி

நான் செக்கிங் பார்க்கும் பனியன் கம்பெனியில் போன வருடம் இங்கிலீஷ் வகுப்பு வைத்தார்கள். பனியனுக்கு எதற்கு இங்கிலீஷ் என்று யாரும் கேட்கவில்லை. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையரம்மா நேரில் வந்து மேசை மேசையாகப் பேசிப் பார்க்கப் போகிறாராம். மேசைக்குப் பொறுப்பானவர்கள் ஒரு வாக்கியமாவது பேச வேண்டும், பேச வராதவர்கள் எழுந்து பிசிறு வெட்டப் போக வேண்டும். இதை மேனேஜர் எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்!

"உங்க வயசுக்கு அங்க உக்காந்தா சவுரியமா இருக்குமுங்கம்மா."

என் சவுரியத்தில் அவருக்குத்தான் எத்தனை அக்கறை. அந்த மேசை எனக்கு ஒரே நாளில் வரவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஒரு பீஸைக் கையில் எடுத்தால், எந்த மிசினில் ஊசி மழுங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

சாயங்கால டீ முடிந்ததும் கேண்டீனில் வகுப்பு. சொல்லிக்கொடுக்க வந்த பெண் அன்று எடுத்த பாடம், இனிமேல் நடக்கப்போவதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்பது. இப்போதுதான் முடிவு செய்தாயா, அதற்கு ஒரு விதம். முன்னமே நினைத்து வைத்தாயா, அதற்கு வேறு. ஆளோடு பேசி உறுதி செய்தாயா, அதற்கு இன்னொன்று. பஸ் இத்தனை மணிக்குப் புறப்படும் என்பதற்குத் தனி. வானம் இருட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்து மழை வரப்போகிறது என்று சொல்வதற்கும் தனியாக ஒன்று. இன்னும் வந்தே சேராத ஒன்றுக்கு இத்தனை அலமாரி செய்து வைத்திருக்கிறார்களே என்று எனக்கு மலைப்பாகிவிட்டது.

எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான்: ஆயிருமுங்க. சாயப்பட்டறையில் கேட்டால் நாளைக்கு ஆயிருமுங்க. பிரிண்டிங்கில் கேட்டால் நாளைக்கு ஆயிருமுங்க. அட்டைப்பெட்டிக்காரர் போனை எடுத்ததும், நாம் வாயைத் திறக்கும் முன்னே, ஆயிருமுங்க. முகத்துக்கு நேரே 'ஆகாது' என்று சொல்வது இங்கே மரியாதைக் குறைவு. நாங்கள் மரியாதைக்குப் பேர்போனவர்கள்.

அதனால் எழுந்து கேட்டேன். "ஏங்கண்ணு, ஆகாதுன்னு தெரிஞ்சிக்கிட்டே ஆயிரும்னு சொல்லோணும். அதுக்கு இங்கிலீசுல என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "அதுக்குன்னு தனியா எதும் இல்லீங்கம்மா. அதுக்கும் 'வில்'லுதானுங்க."

மேனேஜர் எனக்குக் கொடுத்ததும் 'வில்'லுதான். 'இட் வில் பி ரெடி ஆன் ஃப்ரைடே.' குழந்தைகளுக்கான நீலச் சட்டை ஆர்டர் வெள்ளிக்கிழமை தயாராகிவிடும் என்று அர்த்தம். தமிழ் எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி வாங்கி, மேசையடியில் செருகி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தேன்.

அந்த நீலத் துணியில்தான் வினை இருந்தது. பின்னல் துணி சாயப்பட்டறையிலிருந்து விறைப்பாக இழுபட்டு வரும், பல்லடம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள் மாதிரி. ரோலைப் பிரித்து, தளர்வாக மடித்துப் போட்டு, ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்க விட வேண்டும். அது தன் அளவுக்குச் சுருங்கிக்கொண்ட பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்று வாக்குக் கொடுத்தாயிற்றே, துணிக்கு ஏது லீவு? வந்த அன்றே வெட்டிவிட்டார்கள். காலையில் நான் டேப் வைத்துச் சரியென்று பார்த்த சட்டை, சோறு உண்டுவிட்டு வந்து பார்த்தால் அரை இஞ்சு குறைந்திருந்தது.

மேனேஜரிடம் காட்டினேன். "டேப்பை அப்படி இறுக்கிப் புடிக்காதீங்கம்மா, கொஞ்சம் துணிய இழுத்து வெச்சு அளங்க" என்றார். படித்தவர்.

பையரம்மா வந்தார். என் மேசைக்கு முன் நின்றார். எழுந்தேன். 'இட் வில் பி ரெடி ஆன் ஃப்ரைடே.' ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. மேனேஜர் முகத்தில் பல்பு எரிந்தது. அதோடு உட்கார்ந்திருந்தால் மேசை என்னுடையது.

அந்தம்மா ஒரு சட்டையை எடுத்துத் தடவிப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, "குட்?" என்று கேட்டார்.

இத்தனை வருடமாக என் கையிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். அதற்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "ஃப்ரைடே ரெடி" என்றேன். "வாஷ்... ஸ்மால்." இரண்டு கையையும் அகல விரித்து, மெதுவாகச் சேர்த்துக் காட்டினேன். தையல் முறுக்கிக்கொள்ளும் என்பதற்கு வார்த்தை வராமல், ஈரத்துணி பிழிவதுபோலக் கையை முறுக்கினேன்.

மேனேஜர் இங்கிலீஷில் நீளமாக என்னவோ சொல்லிச் சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை. மூன்று சட்டைகளை எடுத்துக்கொண்டு துவைத்துப் பார்க்கிற அறைக்குப் போய்விட்டார். சட்டைகள் காய்ந்து வெளியே வந்தபோது சுருங்கியிருந்தன; பக்கவாட்டில் இருக்க வேண்டிய தையல் வயிற்றுக்கு நடந்து வந்திருந்தது.

வெட்டாத துணியெல்லாம் பிரித்துப் போடப்பட்டது. வெள்ளிக்கிழமை போயிற்று. என்னை ஒருத்தரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை.

"நல்லதுதானுங்க பண்ணுனீங்க" என்றார் மேனேஜர். "நாளைலிருந்து துணி ஹால்ல உக்காந்துக்கோங்கம்மா. துணி ஆறுச்சா இல்லையான்னு பாத்துச் சொன்னாப் போதும். காத்தோட்டமா இருக்கும்."

மறுபடியும் என் சவுரியம். என் மேசையில் இப்போது குண்டடத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அந்த வாக்கியத்தை என்னைவிட அழகாகச் சொல்கிறாள். 'குட்?' என்று கேட்டாலும் 'குட்' என்றே சொல்கிறாளாம். வேஸ்ட் துணியில் நான் தைத்த மெத்தையை மட்டும் நாற்காலியிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். அவள் கட்டைமேல் உட்காரட்டும்.

தினமும் காலையில் கட்டிங் மாஸ்டர் வந்து நிற்பார். "ஏனுங்கம்மா, இன்னிக்கு வெட்டலாமுங்களா?"

விரலை மடிப்புக்குள் விட்டுப் பார்ப்பேன். "நாளைக்குங்க."

முதல் நாள் அவர் நகரவில்லை. சந்தேகமாகப் பார்த்தார். "எந்த நாளைக்குங்க?"

"சாயப்பட்டறை நாளைக்கு இல்லீங்க. நிசமாலுமே நாளைக்கு."

மேனேஜர் அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சாக்பீஸை எடுத்துத் துணியின் ஓரத்தில் மறுநாள் தேதியை எழுதினார்.